தண்ணீர் வந்துடுச்சாம், ஜெசிந்தா

என் அன்புச் சம்பந்தி ஜெசிந்தாவுக்கு,

கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குக் கடுப்பாகும். நம் ஆராய்ச்சித் திட்டத்துக்கு டெல்லிக்காரர்கள் சரி சொல்லிவிட்டார்கள். நேற்று மத்தியானம் கல்லூரி அலுவலகத்திலிருந்து கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று முறை படித்தேன். பிறகு ஸ்டாஃப் ரூமில் மின்விசிறிக்குக் கீழே போய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கல்யாணம் முடிந்து எல்லோரையும் வண்டி ஏற்றிவிட்ட பிறகு, காலியான மண்டபத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு நாற்காலியைத் தேடி உட்காருவார்களே, அப்படி இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

இந்தக் கடிதம் எப்படியும் ஒருநாள் நாலு பேர் கையில் சிக்கும். அவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் உறவுமுறையைத் தேடிக் குழம்புவார்கள். நாம் நிஜச் சம்பந்திகள் இல்லை. உனக்குக் கல்யாணமே ஆகவில்லை, என் மகள் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. நீ பொறியியல் கல்லூரியில் ஆறு, வாய்க்கால், நீரோட்டம் சொல்லிக் கொடுத்தவள். நான் கும்பகோணத்தில் தமிழ் வாத்தியார். தஞ்சாவூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசியே நாம் சிநேகிதம் ஆனோம். ஒருநாள் நீதான் சொன்னாய், “என் தண்ணிக்கும் உன் தமிழுக்கும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சுடுவோம் அமுதா. நாம சம்பந்தி ஆயிடலாம்.” அன்றிலிருந்து அதுதான் பேர். சம்பந்தி என்று ஆன பிறகு சண்டை வராமல் இருக்குமா?

வந்தது. அந்தச் சண்டை தீராமலே நீ போய்விட்டாய். இரண்டு வருஷமாக நான் உன் கல்லறைப் பக்கம் வரவில்லை. பஸ் பாபநாசத்தில் நுழைந்தால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் திட்டத்தைக் கரை சேர்த்துவிட்டுத்தான் உன் முன்னால் வந்து நிற்பேன் என்று வைராக்கியம். வைராக்கியம் என்று எழுதிவிட்டேன், பயம் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். திருக்கடையூர்ப் பக்கம், காவிரி கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடை ஊர்களில் நீ ஆறு வருஷம் அலைந்தாய். வாய்க்காலுக்கு வாய்க்கால் அளவுகோல் நட்டு, தண்ணீர் எந்த நாளில் எவ்வளவு வந்தது என்று குறித்தாய். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கார்களுக்கு நடுவில் உன் டிவிஎஸ் வண்டியில் குச்சியும் நாடாவும் கட்டிக்கொண்டு போவாய். “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்றாங்களே, ஆத்தையே அளக்கச் சொல்லி யாராவது சொல்லியிருக்காங்களா?” என்று நான் கிண்டல் பண்ணுவேன். நீ சிரிப்பாய். அந்த ஆறு வருஷ அளவுகளை வைத்து, கடைமடைக்குத் தண்ணீர் எந்த வாரம் சேரும் என்று முன்கூட்டியே சொல்லலாம், அதை நம்பி ஜனங்கள் நாற்று விடலாம். அதுதான் உன் கனவு. அதற்குத்தான் அந்த நிதி விண்ணப்பம்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அறிவியலோடு மானுடவியல், சமூகவியல், மொழி, வரலாறு இப்படி ஏதாவது ஒரு துறையும் சேர்ந்திருக்க வேண்டும். நீ என்னைச் சேர்த்தாய். எங்கே? ஏழாவது பகுதியில், கடைசிப் பக்கத்தில். ‘விழிப்புணர்வு நடவடிக்கைகள்: துண்டுப் பிரசுரம், தெருநாடகம், தொடக்க விழா ஒருங்கிணைப்பு. பொறுப்பு: தமிழ்த்துறை.’ அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்கிறேன், மனசு விட்டுப்போனது. உன் உதவியாளன் இளங்கோ வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, “மேடம் குத்துவிளக்கு ஏத்துற ப்ரோக்ராம்ல இருந்து நன்றியுரை வரைக்கும் சூப்பரா பண்ணிடுவாங்க” என்றான். அவன் பாராட்டாகத்தான் சொன்னான், பாவம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாததா? உன் துறைத்தலைவர் முன்னாலேயே என் பெயரை அடித்தேன். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பந்தி பரிமாற நான் வரலை” என்றேன். நீ என் கையைப் பிடித்தாய். “நிபந்தனைக்காக ஒரு இடத்துல வச்சிருக்கேன்டி, அப்புறம் மாத்திக்கலாம்” என்றாய். அந்த ‘நிபந்தனைக்காக’ என்ற சொல் என்னை இன்னும் சுட்டது. கையை உதறிவிட்டு வந்தேன். நீ வேறு யாரோ ஒருவர் பெயரைப் போட்டு அனுப்பினாய். அது திரும்பி வந்தது.

ஏன் திரும்பி வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ அளவுகோலோடு ஒரு கணக்கெடுப்பும் நடத்தியிருந்தாய். மாணவர்கள் வீடு வீடாகப் போய், ‘உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வாரம் வந்தது?’ என்று கேட்டு எழுதினார்கள். ஜனங்கள் ஆடி முதல் வாரம் என்கிறார்கள். உன் அளவுகோல் ஆடிக் கடைசி என்கிறது. ‘களத்தில் சொல்லப்பட்டதும் அளக்கப்பட்டதும் பொருந்தவில்லை. கருவிகளின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது’ என்று டெல்லியில் எழுதிவிட்டார்கள். ஆறு வருஷ உழைப்பைக் கருவிக் கோளாறு என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்குள் என்ன தோன்றியது தெரியுமா? ‘நல்லா வேணும்.’ ஒரு நிமிஷம்தான். ஆனால் தோன்றியது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அதற்கு அப்புறம் ஒரு மாசம் கழித்து இளங்கோவிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பினாய். கணக்கெடுப்புத் தாள்கள், சணல் கயிற்றில் கட்டி, மேலே உன் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டு. ‘சம்பந்தி, கோபம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். இதைப் படிச்சுப் பார். குச்சி பொய் சொல்லாது. ஜனங்களும் பொய் சொல்ல மாட்டாங்க. அப்ப யாரு?’ நான் சீட்டைப் படித்தேன். மூட்டையை அவிழ்க்கவில்லை. என் துறை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். கொஞ்ச நாள் கெஞ்சட்டும் என்று இருந்தேன்.

நீ கெஞ்சவில்லை. ஒரு சனிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்ததாம். மாதா கோயிலுக்கு வந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது நான் பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட்டேன்.

மூட்டையை அவிழ்க்க இன்னும் மூன்று மாதம் ஆனது. ஒரு லீவு நாளில், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். வாத்தியார் புத்தி, தாள் என்றால் பேனா கைக்கு வந்துவிடும். தாள் தாளாக ‘ஆடி முதல் வாரம் வந்துவிட்டது’, ‘வந்துவிட்டது’, ‘வந்துவிட்டது’. பாதியில் ஒரு மாணவி எழுதிய தாள்கள் வந்தன. அந்தப் பிள்ளை மட்டும் பேசியதைப் பேசியபடி எழுதியிருந்தாள். ‘ஆடி மொத வாரமே வந்துடுச்சாம்.’ அடுத்த வீடு, ‘வந்துடுச்சாம்.’ அதற்கடுத்த வீடு, ‘வந்துடுச்சுங்கறாங்க.’ எனக்கு எரிச்சல். எத்தனை தடவை சொல்லியும் கொச்சையாக எழுதியிருக்கிறாளே என்று ‘சாம்’ மேல் சிவப்புக் கோடு போட்டேன். மூன்று தாளில் போட்டேன். நாலாவது தாளில் கை நின்றது.

வந்துடுச்சாம். வந்துவிட்டது என்று இல்லை, வந்துவிட்டதாம். சொன்னவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். வருஷா வருஷம் வகுப்பில் இதை நடத்துகிறவள் நான். ‘ஆம்’ ஒட்டினால் பிறர் சொல்லக் கேட்டது, ஒட்டாவிட்டால் தானே அறிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ‘நாளைக்கு லீவாம்’ என்று சரியாகச் சொல்லும். மற்ற தாள்களில் அந்த ‘ஆம்’ எங்கே போனது?

நான்தான் எடுத்தேன், ஜெசி. கணக்கெடுப்புக்கு முன்னால் மாணவர்களுக்கு ஒரு அரைநாள் பயிற்சி கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? சண்டைக்கு ரொம்ப முன்னால். பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன், ‘பேச்சு வழக்கு வேண்டாம். நல்ல தமிழில் எழுதுங்கள்.’ பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். ‘வந்துடுச்சாம்’ என்று காதில் விழுந்ததை ‘வந்துவிட்டது’ என்று நல்ல தமிழில் எழுதினார்கள். தமிழுக்கு இடம் கொடுக்கவில்லை என்று உன்னோடு சண்டை போட்டேனே, தமிழை வைத்து உன் விண்ணப்பத்தைக் கவிழ்த்ததே நான்தான். ‘அப்ப யாரு?’ என்று கேட்டாய். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அன்றைக்குத் தெரிந்தது. அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன்.

ஆனால் உன்னையும் முழுசாக விட மாட்டேன். படிவத்தில் ‘விவசாயி’ என்று ஒரு கட்டம் போட்டு, பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும் என்று எழுதியது நீ. பட்டாக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? இருந்த நாலு காசைப் புரட்டிக்கொண்டு முக்கால்வாசிப் பேர் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். மாணவர்கள் அந்தந்த வீட்டிலிருந்தே அவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அந்த ஆட்கள் கட்டட வேலை இடைவேளையில் நின்றுகொண்டு, வயலுக்குத் தண்ணீர் வந்துடுச்சாம் என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள்.

இதைச் சரிபார்க்க மல்லிகா வீட்டுக்குப் போனேன். உனக்கு மீன் குழம்பு வைத்துப் போடுவாளே, அதே மல்லிகாதான். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய் எட்டு வருஷம். நாற்று விடுவதிலிருந்து நெல்லை மூட்டை பிடிப்பது வரை அவள்தான். ஆனால் உன் தாளில் ‘விவசாயி’ கட்டத்தில் அவர் பெயர்.

“ஆடி மொத வாரமே தண்ணி வந்துடுச்சுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரே மல்லிகா?” என்றேன்.

“ஆமா டீச்சர். நான்தான் போன்ல சொன்னேன்.”

“வந்துச்சா?”

“மேல மதகு தொறந்துட்டாங்கன்னு டிவில சொன்னான். நம்ம வயக்காட்டுக்கு ஏற இன்னும் இருவது நாளு ஆவும். அத அவருகிட்ட சொல்ல முடியுமா?” சாணி மெழுகிய கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “தண்ணி இல்லன்னு சொன்னா அந்த மனுஷன் அங்க சோறு திங்க மாட்டாரு. நாத்து காஞ்சா என்னா பண்ணுவன்னு தெனமும் போன் பண்ணுவாரு. அதான் வந்துடுச்சு, வந்துடுச்சுன்னு சொல்லிடுறது. இங்க எல்லா வூட்டுலயும் அப்புடித்தான்.”

“சரி, நெசமா எப்ப ஏறுச்சு?”

நாள் சொன்னாள். எதை வைத்து ஞாபகம் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அம்மன் கோயிலில் ஆடிப்பூர வளைகாப்பாம், அங்கே வளையல் போட்ட கையோடு இவள் ஓடிப்போய் மடை திறந்தாளாம். உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வாய்க்காலில் உன் அளவுகோல் சொன்னதும் அதே நாள். அடுத்தடுத்து பதினோரு பெண்களைக் கேட்டேன். ஒரு நாள் முன்னே பின்னே, அவ்வளவுதான். உன் குச்சி பொய் சொல்லவில்லை, ஜெசி. நான் வாய்க்கால் கரையில் நின்று அதை உரக்கச் சொன்னேன். மல்லிகா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிறகு நானும் இளங்கோவும் விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினோம். ஏழாவது பகுதியை எடுத்தே விட்டோம். முதல் பக்கத்தின் முதல் கேள்வி: தண்ணீர் வந்ததை யார் பார்த்தார்கள், யார் யாருக்குச் சொன்னார்கள்? ஒவ்வொரு பகுதியிலும் அளவுகோல் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். யாருக்கு முன் வரிசை, யாருக்குப் பின் வரிசை என்ற பேச்சே இல்லை. எழுதுகிற காலத்தில் இளங்கோவோடு தினம் தகராறு. “தரவு சொல்கிறது” என்று எழுதுவான். தரவுக்கு வாய் இருக்கிறதா, யார் சொன்னார்கள் என்று எழுது என்பேன். அவன் பதிலுக்கு என் வாக்கியங்களைப் பாதியாக வெட்டுவான். உன்னிடம் வேலை கற்றவன், வெட்டுவதில் கை தேர்ந்தவன்.

டெல்லிக்கு நேர்காணலுக்குப் போனோம். ரயிலில் போகும்போதே அவன் கெஞ்சினான். “மேடம், பழைய முரண்பாடு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, கணக்கெடுப்பு முறையில ஒரு சின்னக் குறைன்னு சொல்லிடலாம். உங்க பேரை இழுக்காதீங்க. நீங்கதான் இப்ப இன்னொரு தலைமை ஆய்வாளர். நீங்களே தப்பு பண்ணவங்கன்னு தெரிஞ்சா பணம் குடுக்க மாட்டாங்க.” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரவெல்லாம் மேல் பெர்த்தில் படுத்து யோசித்தேன். சொல்லாமல் விட்டால் பணம் கிடைக்கும், உன் ஆறு வருஷமும் பிழைக்கும். ஆனால் உன் கருவி மேல் விழுந்த பழியை ஒரு சின்னக் குறை என்று மழுப்பித்தான் துடைக்க வேண்டுமா?

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளே கேட்டார், தண்ணீர்த் திட்டத்தில் இலக்கண வாத்தியாருக்கு என்ன வேலை என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் இளங்கோ பேசிவிட்டான். அவன் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: “எங்கள் கருவி தண்ணீரை அளக்கும். ஆனால் நாற்று விடுகிறவர் கருவியைக் கேட்டு விடுவதில்லை, இன்னொருவர் சொன்னதைக் கேட்டு விடுகிறார். அந்தப் பேச்சு எப்படி நகர்கிறது என்று தெரியாமல் நாங்கள் சொல்லும் முன்னறிவிப்பு காற்றோடு போய்விடும்.” குத்துவிளக்கு ஏற்றச் சொன்னவன் பேசுகிற பேச்சா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒரு அம்மாள், மண்ணியல் விஞ்ஞானி, பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார். “சென்ற முறை கருவியில் கோளாறு என்று குறித்திருக்கிறோமே?”

“கருவியில் கோளாறு இல்லை” என்றேன். “கோளாறு என்னுடையது. ஜனங்கள் சொன்னதை அழகாக எழுதச் சொன்னேன். அதில் அவர்கள் சொன்னதே போய்விட்டது.” இளங்கோ கண்ணை மூடிக்கொண்டான்.

“இதை நீங்கள் முதல் விண்ணப்பத்திலேயே விளக்கியிருக்கலாமே?”

“அப்போது நானும் ஜெசிந்தாவும் பேசிக்கொள்ளவில்லை, மேடம்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, பழைய கோப்பில் அந்த வரியை என் கண் முன்னாலேயே அடித்தார். கருவி ஐயத்துக்குரியது என்ற வரியை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு அப்போதே மூச்சு வந்துவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில் இளங்கோ வாங்கிக் கொடுத்த பாவக்காய் மாதிரி டீயைக்கூடக் குடித்தேன்.

இன்று காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போனேன். அவளும் இன்னும் பத்துப் பெண்களும் இனி நம் திட்டத்தில் சம்பளத்துக்குக் குறிப்பு எழுதப் போகிறார்கள். பேசுகிறபடியே எழுதலாம், நான் திருத்த மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். வீட்டுக்காரருக்கு நிஜத்தைச் சொல்வாயா என்று கேட்டேன். “அது எங்களுக்குள்ள. நோட்டுல நெசத்த எழுதறேன், போன்ல பழையபடிதான்” என்றாள். சரி என்றேன். அதற்கு மேல் கேட்க நான் யார்?

புறப்படும்போது அவளே பேச்செடுத்தாள்.

“கல்லறைத் திருநாளைக்கு நாங்க மூணு பேரு பாபநாசம் போயிட்டு வந்தோம் டீச்சர். பேரு கண்டுபுடிக்கத்தான் பெரும்பாடாப் போச்சு. எங்களுக்கு இன்ஜினியரு டீச்சர்னுதான தெரியும். வாய்க்கால்ல குச்சி நட்டு அளப்பாங்களே அவங்கன்னு சொன்னோம், தோட்டக்காரரு கொண்டுபோய் விட்டாரு. மெழுகுவத்தி ஏத்துனா காத்து அணைச்சுக்கிட்டே இருந்துச்சு. முந்தானைய புடிச்சு மறைச்சுக்கிட்டு நின்னோம். அவங்க தங்கச்சி அங்க இருந்தாங்க. அமுதா டீச்சர் வருவாங்களான்னு கேட்டேன். இதுவரைக்கும் வந்ததில்லன்னாங்க. ஏன் டீச்சர், நீங்க போறதில்லையா?”

எங்களுக்குள் சண்டை என்றேன். இறந்து இரண்டு வருஷம் ஆனவளோடு சண்டை என்று சொல்கிறோமே என்று எனக்கே கேவலமாக இருந்தது. மல்லிகா ஆச்சரியப்படவில்லை. “அப்ப போயிப் பேசித் தீத்துக்குங்க” என்றாள், ஏதோ அடுத்த தெருவுக்குப் போய்வரச் சொல்கிற மாதிரி.

நாளைக் காலை வருகிறேன், ஜெசி. முதல் பஸ்ஸில். இளங்கோ கூட வருவதாகச் சொன்னான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் போடாமல் வந்த ஒரு பிடி மண்ணைப் போட வேண்டும். இந்தக் கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கவனித்திருப்பாய். இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவையும் வாக்கியம் அழகாக வந்தது, கிழித்துப் போட்டேன். அதை நேரில் வந்து, வாயால், வருகிறபடி கேட்கிறேன்.

உன் சம்பந்தி,
அமுதா